ஆளைக் காணாத காவற்காரன்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, விடுதி மாணவி

மாடிப்படியில் கால் வைத்ததும் தானாகவே எரியும் விளக்கை இன்று அறியாதவர் இல்லை. அடுக்குமாடி வீடுகளின் நடைவழியிலும், ஓட்டல்களில் கைகழுவும் இடத்திலும், கடைகளின் இரவுக் காவலிலும் அது இடம் பெற்றுவிட்டது. கடையில் போய் "மோஷன் சென்சார்" என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். 'மோஷன்' என்றால் அசைவு; ஆகவே அசைவை உணரும் கருவி என்று நாம் பொருள் கொள்கிறோம். ஆனால் அக்கருவி அசைவைக் காண்பதே இல்லை. அது காண்பது சூட்டின் வேறுபாட்டை மட்டுமே. இந்த ஒரு செய்தியை மனத்தில் கொண்டால், அக்கருவி ஏன் மார்கழியில் ஒரு விதமாகவும் சித்திரையில் வேறு விதமாகவும் நடந்து கொள்கிறது என்பது விளங்கிவிடும்.

மார்கழியில் குறையின்றி எரிந்த விளக்கு, சித்திரை மாதத்து முன்னிரவில் ஆள் பாதிப் படி ஏறிய பிறகும் எரியாமல் இருக்கிறது. "சென்சார் கெட்டுப் போச்சு" என்று எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லி அனுப்புகிறோம். அவர் மறுநாள் காலையில் வந்து கையை ஆட்டிப் பார்க்கிறார். விளக்கு பளிச்சென்று எரிகிறது. "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அன்று இரவு மீண்டும் அதே கதை! எலக்ட்ரீஷியன் சொன்னதும் உண்மை. வீட்டார் சொன்னதும் உண்மை. இருவரும் பார்த்த வேளைதான் வேறு.

இதைப் புரிந்துகொள்ள முதலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியைப் பற்றி அறிய வேண்டும். 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷெல் என்னும் வானியல் அறிஞர், சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தி ஏழு நிறங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து எந்த நிறத்தில் சூடு அதிகம் என்று பார்த்தார். சிவப்பு நிறத்தையும் தாண்டி, ஒளியே இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானி எல்லாவற்றிலும் அதிகமாக ஏறியது! இவ்வாறு கண்டறியப்பட்டவையே அகச்சிவப்புக் கதிர்கள். (இவருடைய தங்கை கரோலின் ஹெர்ஷெல் எட்டு வால்நட்சத்திரங்களைக் கண்டறிந்தவர், 1828இல் இங்கிலாந்தின் அரச வானியல் கழகத்தின் தங்கப் பதக்கம் பெற்றவர். அண்ணன் பெயர் வரும் இடத்தில் தங்கை பெயரையும் சொல்லாமல் விட எங்களுக்கு மனம் வரவில்லை.)

சூரியன் மட்டுமன்று, சூடுள்ள பொருள் எதுவாயினும் இக்கதிர்களை வீசிக்கொண்டே இருக்கும். சுவர் வீசுகிறது, மேசை வீசுகிறது, பூனை வீசுகிறது, நாமும் வீசுகிறோம். நம் உடலின் உள்வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் என்று படித்திருக்கிறோம். ஆனால் வெளியே தோலின் வெப்பம் அவ்வளவு இராது. மிதமான வானிலையில் ஏறத்தாழ 33 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் நாம் வீசும் கதிர்களில் மிகுதியானவை ஒன்பதரை மைக்ரோமீட்டர் அலைநீளம் கொண்டவை. கொரோனா நாட்களில் நம் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே ஒரு வெப்பமானி, அதுவும் இக்கதிர்களைத்தான் அளந்தது.

இக்கதிர்களை மின்சாரமாக மாற்றுவது எப்படி? இதற்கு விடையளித்தது நம் அண்டை நாடான இலங்கையின் ஒரு கல். டூர்மலின் என்னும் இரத்தினக்கல்லை 1700களின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். டூர்மலின் என்னும் பெயரே சிங்களச் சொல்லிலிருந்து பிறந்தது. அக்கல்லைக் கனலின் அருகே வைத்தால், சூடேறும்போது சாம்பலைத் தன்பால் இழுத்தது. ஆகவே டச்சுக்காரர் அதற்குச் 'சாம்பல் இழுப்பான்' என்று பொருள்படும் பெயரொன்றை இட்டனர். அது மின்சாரத்தின் வேலை என்பதை 1756இல் ஏப்பினஸ் என்னும் அறிஞர் விளக்கினார். 1824இல் டேவிட் புரூஸ்டர் என்பவர் இந்நிகழ்ச்சிக்குப் 'பைரோ எலக்டிரிசிட்டி' என்று பெயர் சூட்டினார். உடைந்த வளையல் துண்டுகளைப் போட்டு நாம் செய்து விளையாடும் கலைடாஸ்கோப்பைக் கண்டுபிடித்தவரும் இதே புரூஸ்டர்தான்.

இவ்வகைக் கல்லின் சிறப்பு ஒன்றைக் கவனிக்க வேண்டும. அது சூடாக இருப்பதால் மின்னூட்டத்தைத் தருவதில்லை; சூடு மாறும்போதுதான் தருகிறது. ஏறினாலும் தரும், இறங்கினாலும் தரும். ஒரே நிலையில் நின்றுவிட்டால் எத்தனை டிகிரியானாலும் சும்மா இருக்கும். இன்றைய சென்சார்களில் டூர்மலினுக்குப் பதிலாக வேறு படிகங்களும் பீங்கான் போன்ற பொருள்களும் பயன்படுகின்றன. குணம் அதே குணம்தான்.

ஒரு சென்சாரைப் பிரித்துப் பார்த்தால் பாதி முட்டை ஓடு போன்ற வெண்ணிற மூடி முதலில் தெரியும். அது அழகுக்காக வைத்த மூடியன்று. பல சிறு வில்லைகள் சேர்ந்த ஒரு கூட்டு. கலங்கரை விளக்கங்களுக்காக ஃபிரெனெல் என்னும் பிரெஞ்சு அறிஞர் வடிவமைத்த தட்டையான வில்லையின் பேரப்பிள்ளை என்று அதைச் சொல்லலாம். அதைக் கண்ணாடியில் செய்யாமல் பாலித்தீன் வகைப் பிளாஸ்டிக்கில் செய்வதற்குக் காரணம் உண்டு. நம் உடல் வீசும் கதிர்கள் கண்ணாடியைத் துளைத்துச் செல்லமாட்டா, பாலித்தீனைத் துளைக்கும். ஆகவே கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் இக்கருவியை வைத்துவிட்டு வெளியே திருடன் வருவதை அது சொல்லும் என்று காத்திருப்பது வீண்.

மூடிக்குள்ளே பொத்தான் அளவில் ஓர் உலோகக் கூடு. அதன் சிறு சன்னலுக்குப் பின்னால் படிகச் சில்லுகள் இரண்டு பக்கத்தில் பக்கமாக இருக்கின்றன. ஒன்று தரும் மின்னூட்டத்தை மற்றது எதிர்க்கும்படி அவற்றை இணைத்திருக்கிறார்கள். தராசின் இரண்டு தட்டுகளிலும் ஒரே எடையை வைத்தால் முள் அசையாதல்லவா? அதுபோல அறை முழுவதும் மெல்ல மெல்லச் சூடேறினால் இரண்டு சில்லும் சமமாகச் சூடேறும், முள் அசையாது. ஒருவர் குறுக்கே நடந்து போனால் அவர் வீசும் கதிர் முதலில் ஒரு தட்டில் விழும், அடுத்து மற்றத் தட்டில் விழும். முள் இப்படியும் அப்படியும் ஆடும். அந்த ஆட்டத்தைப் பெருக்கி விளக்கை எரிய வைக்கிறது உள்ளே இருக்கும் மின்சுற்று. கருவியை நோக்கி நேராக நடந்து வருபவரை அது தாமதமாக உணர்வதும், அசையாமல் உட்கார்ந்தால் விளக்கு அணைந்துவிடுவதும் இதனால்தான்.

இங்கே கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆள் வருவதற்கு முன்பு அந்தச் சில்லு எதைப் பார்த்துக் கொண்டிருந்தது? எதிரே உள்ள சுவரை. ஆள் வந்ததும் சுவரின் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டு நிற்கிறார். சுவர் வீசிய கதிர் போய் ஆள் வீசும் கதிர் வருகிறது. இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் முள் ஆடும். சுவரும் ஆளும் ஒரே சூட்டில் இருந்தால்?

இதைச் சோதித்துப் பார்க்கச் சென்ற ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நாங்கள் நால்வர் முற்பட்டோம். நால்வரும் விடுதி மாணவியர் ஆதலால் விடியலிலும் இரவிலும் அளக்க முடிந்தது. நூறு ரூபாய் அளவில் கிடைக்கும் சென்சார் ஒன்று, ஒன்பது வோல்ட் மின்கலம் ஒன்று, சிறு எல்.இ.டி. விளக்கு ஒன்று, இவ்வளவே எங்கள் கருவிகள். உணவுக்கூடத்தின் மேற்குச் சுவர் பிற்பகல் வெயில் முழுவதையும் வாங்குவது. அதற்கு எதிரே எட்டு மீட்டர் தள்ளி ஒரு முக்காலியை வைத்து, சுவரைப் பார்க்கும்படி சென்சாரைக் கட்டினோம். முக்காலியிலிருந்து ஒரு மீட்டருக்கு ஒரு கோடாகச் சுண்ணக்கட்டியால் ஏழு கோடுகள் போட்டோம். ஒருத்தி ஒவ்வொரு கோட்டின் மேலும் குறுக்கே நடப்பாள், ஒருத்தி விளக்கைப் பார்ப்பாள், ஒருத்தி எழுதுவாள், ஒருத்தி அகச்சிவப்பு வெப்பமானியால் சுவரின் சூட்டை அளப்பாள். எங்கள் அறிவியல் ஆசிரியை இரண்டு நிபந்தனைகள் விதித்தார்கள். கருவியின் மேல் நேர் வெயில் படக்கூடாது. நடப்பவள் வெயிலில் நிற்கக் கூடாது. ஆகவே வேப்பமரத்தின் நிழல் சுவரின் மேல் விழும் வரை காத்திருந்து மாலை ஐந்து மணிக்கே பகல் அளவை எடுத்தோம்.

காலை ஆறரை மணிக்குச் சுவர் 27 டிகிரி. ஆறாம் கோட்டில் நடந்தபோதும் விளக்கு தவறாமல் எரிந்தது. மாலை ஐந்து மணிக்குச் சுவர் 42 டிகிரி. வெயில் ஏற ஏறக் கருவி மந்தமாகும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அப்போதும் ஆறாம் கோட்டில் விளக்கு எரிந்தது! இரவு ஏழேகால் மணிக்குச் சுவர் 35 டிகிரிக்கு இறங்கியிருந்தது. அப்போதுதான் விந்தை நிகழ்ந்தது. மூன்றாம் கோட்டில் சில முறை எரிந்தது, சில முறை எரியவில்லை. நான்காம் கோட்டுக்கு அப்பால் ஒரு முறைகூட எரியவில்லை. எங்கள் தோழி அங்கே நடந்துகொண்டிருந்தாள். எங்கள் கண்ணுக்குத் தெரிந்தாள். கருவிக்கு அவள் இல்லாதவள் ஆகிவிட்டாள்.

இதற்கு ஆசிரியை கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மேல் வகுப்பில் வரும் ஸ்டெஃபான் விதி இது. ஒரு பொருள் வீசும் கதிர்வீச்சு, அதன் கெல்வின் வெப்பநிலையை நான்கு முறை பெருக்கினால் வரும் எண்ணுக்கு ஏற்ப இருக்கும். தோலும் சுவரும் கதிர் வீசுவதில் ஏறத்தாழ நிறைவானவை என்று கொள்வோம். 27 டிகிரியில் உள்ள சுவர் ஒரு சதுர மீட்டருக்கு 459 வாட் வீசுகிறது. 33 டிகிரியில் உள்ள தோல் 497 வாட் வீசுகிறது. வேறுபாடு 38. மாலை ஐந்து மணிச் சுவர் 558 வாட். வெப்பத்தில் 35 டிகிரிக்கு ஏறிய தோல் 510 வாட். வேறுபாடு 48. ஆனால் இப்போது ஆள்தான் குளிர்ச்சி, சுவர்தான் சூடு. கருவிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. ஏறினாலும் இறங்கினாலும் மின்னூட்டம் பிறக்கும் என்று முன்பே பார்த்தோம் அன்றோ? ஒளி மிகுந்த திரையின் முன் நிழல் நடந்து போவது போல ஆள் நடந்து போகிறார். இரவு ஏழேகால் மணிக்குச் சுவர் 510 வாட். தோல் 34 டிகிரி என்று கொண்டால் 504 வாட். வேறுபாடு வெறும் 6.

நாற்பத்தெட்டு எங்கே, ஆறு எங்கே! மேலும், நடப்பவளின் உடம்பில் பெரும்பகுதியைச் சீருடை மூடியிருக்கிறது. துணியின் மேற்பரப்பு தோலின் சூட்டைவிடச் சுற்றுப்புறச் சூட்டையே அதிகம் பின்பற்றும். முகம், கை, கால் இவைதான் கருவிக்கு அடையாளம். அவையும் சுவரோடு கலந்துவிட்டால் அது என்ன செய்யும், பாவம்.

நம் தோலின் வெப்பம் கோடையில் 34, 35 டிகிரிக்கு அருகிலேயே நின்றுவிடுவதற்கும் காரணம் உண்டு. உள்ளிருக்கும் சூடு வெளியே வர வேண்டுமானால் தோல் உள்வெப்பத்தைவிடக் குறைவாக இருந்தாக வேண்டும். வியர்வை அதைக் குறைத்து வைக்கிறது. ஆகவே கருவியின் கண்ணை மறைக்கும் வெப்பநிலை எது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அது கத்திரியின் உச்சி வேளை அன்று. ஏறும்போது ஒரு முறையும் இறங்கும்போது ஒரு முறையும் சுவர் கடந்து செல்லும் 33 முதல் 36 டிகிரி வரையுள்ள சிறு இடைவெளியே அது. இறங்கும் வேளைதான் நமக்குத் தொல்லை. ஏனெனில் காலையில் வெளிச்சம் இருக்கிறது; விளக்கு எரியாவிட்டாலும் குடி முழுகிப் போகாது. வெயில் வாங்கிய சுவர் மெல்லக் குளிர்ந்து நம் தோலின் சூட்டுக்கு வருவதோ பொழுது சாய்ந்த பிறகு, விளக்கு எரிந்தே ஆக வேண்டிய நேரத்தில்!

அன்று இரவே இன்னொன்றும் செய்து பார்த்தோம். உணவுக்கூடத்து மண்பானையில் தண்ணீர் நிரப்பி, அதை இடுப்பில் வைத்துக்கொண்டு தோழியை நடக்கச் சொன்னோம். பானையின் மேல் நீர் கசிந்து ஆவியாவதால் அது சுவரைவிடப் பல டிகிரி குளிர்ந்திருந்தது. ஐந்தாம் கோட்டில் விளக்கு எரிந்தது. பெண்ணைக் காணாத கருவி பானையைக் கண்டுகொண்டது! பளபளக்கும் எவர்சில்வர் குடமாக இருந்தால் இவ்வளவு நன்றாகத் தெரிந்திராது. மெருகேறிய உலோகம் தன் கதிரைக் கொஞ்சமாகவே வீசும். சுற்றியுள்ளவற்றின் கதிரையே பெரும்பாலும் பிரதிபலிக்கும்.

இயற்கையிலும் இக்கருவிக்கு ஓர் உறவினர் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் குழிவிரியன் பாம்புக்குக் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையே ஒரு குழி இருக்கிறது. இருட்டில் எலியின் உடற்சூட்டை அதனால் உணர்ந்து பாய்கிறது. அதுவும் வேறுபாட்டையே நாடுகிறது.

குளிர் நாட்டில் நிலைமை நேர்மாறு. கொடைக்கானலில் மார்கழி இரவில் சுவர் 10 டிகிரியில் இருந்தால், 33 டிகிரித் தோலுக்கும் அதற்கும் வேறுபாடு 130 வாட்டைத் தாண்டும். எங்கள் காலை வேளை அளவைப்போல மூன்று மடங்குக்கும் மேல். முகம் மட்டும் தெரிந்தால் போதும், விளக்கு எரியும். எனவே அங்கே குறை வேறு விதமானது: காணாமல் விடுவதன்று, அளவுக்கு மீறிக் காண்பது. சுவரேறிப் போகும் பூனை ஆளாகத் தெரியும். திருட்டு மணியானால் நள்ளிரவில் ஊரை எழுப்பிவிடும். மூன்று நாள் பொய்யாக ஒலித்த மணியை நான்காம் நாள் யார் மதிப்பார்? நம் ஊரிலும் ஏ.சி. இயந்திரத்தின் காற்று வாய்க்கு நேரே கருவியை மாட்டினாலோ, காற்றில் ஆடும் திரைச்சீலையின் மேல் வெயில் விழுந்தாலோ இதே கதைதான். ஆளில்லாமலே சூடு ஓடி ஆடும்; கருவி ஏமாறும்.

இதற்கு மாற்று உண்டா என்றால் ஓரளவு உண்டு. தெர்மிஸ்டர் என்பது சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் சிறு பொருள். அதைச் சுற்றில் சேர்த்தால், சுற்றுப்புறம் உடற்சூட்டை நெருங்கும்போது பெருக்கியின் பெருக்கம் தானே கூடும். மெல்லிய ஆட்டமும் பெரிதாகத் தெரியும். இன்னும் நுட்பமான கருவிகளில், உடற்சூட்டைத் தாண்டி மேலே போனதும் பெருக்கத்தை மீண்டும் குறைத்துவிடுகிறார்கள். எங்கள் சென்சாரின் பலகையிலும் தெர்மிஸ்டருக்கென்று ஓர் இடம் இருந்தது. ஆனால் அந்த இடம் காலியாக இருந்தது. இத்தகைய மலிவான சென்சார்களின் குறிப்புத்தாளில், 30 முதல் 32 டிகிரி ஆனால் உணரும் தூரம் சிறிது குறையும் என்றும், ஈடுசெய்யும் உறுப்பைத் தேவையானால் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். 32 டிகிரியைக் கோடை என்று எண்ணும் நாட்டில் அது சரியாக இருக்கலாம். வேலூரில் அது காலைப் பலகார நேரத்துச் சூடு!

தெர்மிஸ்டராலும் முடியாதது ஒன்று இருக்கிறது. வேறுபாடு சிறிதானால் பெருக்கலாம். வேறுபாடு சுழியானால் எதைப் பெருக்குவது? சுழியை ஆயிரத்தால் பெருக்கினாலும் சுழிதான். பெருக்கத்தைக் கூட்டினால் கருவிக்குள்ளேயே இருக்கும் இரைச்சலும் கூடவே பெருகும். ஆளைக் காணாமல் ஈசலைக் கண்டு விளக்கெரிக்கும் நிலை வரும்.

சூட்டை நம்பாத சென்சார்கள் உண்டு. மீயொலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பது ஒன்று. கார் பின்னோக்கி வரும்போது 'பீப் பீப்' என்று எச்சரிப்பது இதுவே. ஆனால் வெப்பம் அதையும் விடவில்லை. ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர். 40 டிகிரியில் 355 மீட்டர். 343 என்றே எண்ணிக் கணக்கிடும் கருவி, ஒரு மீட்டர் தூரத்திலுள்ள தூணை 96 அல்லது 97 செ.மீ. தூரத்தில் இருப்பதாகச் சொல்லும். இது பெரிய குற்றமன்று. மற்றொன்று ரேடார் வகை. அது நுண்ணலைகளை அனுப்பி, அசையும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் மாற்றத்தைப் பார்க்கிறது. சுவர் சூடா, ஆள் சூடா என்பதெல்லாம் அதற்குப் பொருட்டில்லை. ஆயினும் மெல்லிய தடுப்புக்கு அப்பால் நடப்பவரையும், தலைக்கு மேலே சுழலும் மின்விசிறியையும்கூட அது கணக்கில் எடுத்துக்கொள்ளும். எனவே சில கருவிகளில் இரண்டையும் சேர்த்தே வைக்கிறார்கள்.

இது விளக்கைப் பற்றிய பேச்சு மட்டுமானால் இத்தனை பக்கம் எழுதியிருக்க மாட்டோம். நிறுத்தி வைத்த காரில் தூங்கிப்போன குழந்தையை மறந்துவிட்டுப் பெரியவர்கள் கடைக்குள் போய்விடுவதும், அதனால் உயிர் போவதும் உலகின் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் 50 டிகிரியையும் தாண்டலாம். குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைவிட விரைவில் சூடேறிவிடும். காருக்குள் ஒரு மோஷன் சென்சாரை வைத்து ஆபத்தை அறிவித்தால் என்ன என்று எவருக்கும் தோன்றும். எங்கள் வகுப்பிலும் ஒருத்தி கேட்டாள். விடையை இக்கட்டுரையைப் படித்துவரும் தங்கையரே சொல்லிவிடுவீர்கள். காரின் இருக்கையும் கதவும் 33 டிகிரியிலிருந்து 36 டிகிரிக்கு ஏறும்போது, ஆபத்து தொடங்கும் அந்நேரத்திலேயே, குழந்தை கருவியின் கண்ணிலிருந்து மறைந்துவிடும். அதைத் தாண்டிச் சூடேறினால் வேறுபாடு திரும்பவும் பிறக்கும், உண்மைதான். ஆனால் தூங்கும் குழந்தை அசைவதில்லை. படிகமோ மாற்றத்தைத்தான் கேட்கிறது.

ஆகவேதான் இவ்வேலைக்கு 60 கிகாஹெர்ட்சு ரேடாரை இன்று பயன்படுத்துகிறார்கள். அதன் அலைநீளம் 5 மில்லிமீட்டர். மூச்சு விடும்போது குழந்தையின் மார்பு ஏறி இறங்கும் சிறு அசைவையும் அதனால் பிடிக்க முடியும். அமெரிக்காவில் 2021இல் இதற்குத் தனி அனுமதி வழங்கப்பட்டது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரங்கள் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பு, குழந்தையை உணரும் இத்தகைய வசதிக்கு 2023 முதல் மதிப்பெண் அளிக்கிறது.

வீட்டுக்கு வருவோம். பாட்டிக்காகவும் தாத்தாவுக்காகவும் மாடிப்படியிலும் குளியலறைக்குப் போகும் வழியிலும் இவ்விளக்கைப் பொருத்தும் பெற்றோர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் ஏழு கோடுகள் சொல்வது இது. மேற்கு வெயிலை வாங்கும் சுவரையும் மொட்டை மாடித் தளத்தின் அடிப்பகுதியையும் பார்க்கும்படி கருவியை மாட்டாதீர்கள். வீட்டின் உட்சுவரைப் பார்க்கும்படி மாட்டுங்கள். நடப்பவர் கருவியை நோக்கி வராமல் குறுக்கே கடக்கும்படி இடம் பாருங்கள். அடுப்பு, ஏ.சி., சன்னல் ஆகியவற்றுக்கு நேரே வேண்டாம். வாங்கும்போது வெப்பநிலை ஈடுசெய்யும் வசதி உண்டா என்று கேளுங்கள். மாட்டிய பிறகு காலையில் கையை ஆட்டிப் பார்த்து நிறைவடையாமல், சித்திரை மாதத்தில் ஒரு நாள் இரவு ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் படியில் மெல்ல ஏறிப் பாருங்கள், பாட்டி ஏறுவது போல. அப்போது எரியாவிட்டால் அந்தப் படிக்கு அரை வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றைப் பொழுது சாய்ந்ததும் போட்டு விடியும் வரை எரிய விடுங்கள். இரவு முழுவதும் எரிந்தாலும் மாதத்துக்குக் கால் யூனிட் மின்சாரம்கூட ஆகாது.